பெரிய ஆன்டெனா மாட்டியதும் ஹேண்டிக்குக் காது அடைத்துப் போனால்

புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வாங்கியவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஹேண்டியின், அதாவது கையடக்க ரேடியோவின், 'ரப்பர் டக்' என்கிற குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு, மொட்டை மாடியில் ஒரு பெரிய ஆன்டெனாவை ஏற்றி, கேபிளை ஜன்னல் வழியாக இறக்கி, அதே ஹேண்டியில் செருகிவிடுவார்கள். நானும் செய்தேன். மூன்றாவது மாடி, அதற்கு மேல் பத்தடி ஜிஐ பைப், உச்சியில் இரண்டு மீட்டர் பேண்டுக்கான (144–146 மெகாஹெர்ட்ஸ்), நாலா பக்கமும் பிடிக்கும் கோலினியர் ஆன்டெனா. கேபிளைச் செருகிக் கேட்டால், நேற்று வரை ரப்பர் டக்கில் வந்துகொண்டிருந்த ரிப்பீட்டரை (நம் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) காணோம்.

கேபிள்மீது சந்தேகப்பட்டேன். கனெக்டரை இரண்டு முறை வெட்டித் திரும்பச் சால்டர் வைத்தேன். ஒரு வாரம் அதிலேயே போனது. கடைசியில் எங்கள் பகுதியில் நாற்பது வருடமாக ரேடியோ வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். ஆன்டெனாவை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "ஓஎம், மாடியில நின்னா எஃப்எம் டவர் தெரியுதா?" என்றார். (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சொல்.) தெரிந்தது, சிவப்பு விளக்கோடு நேரெதிரே. சட்டைப் பையிலிருந்து விரல் நுனி அளவில் ஒரு உலோக உருளையை எடுத்து, கேபிளுக்கும் செட்டுக்கும் நடுவில் முறுக்கினார். ரிப்பீட்டர் திரும்பி வந்துவிட்டது. சிக்னலைக் கூட்டிக் கொடுக்கும் சாமான் போலிருக்கிறது என்று நினைத்தேன். "இல்ல தம்பி, பத்துல ஒரு பங்கா குறைக்கிற சாமான்" என்றார்.

சிக்னலைக் குறைத்தால் எப்படி நன்றாகக் கேட்கும்? புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். உங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தால், எந்த வரிசையில் சோதித்துப் பார்ப்பது, எதைச் செய்து சரி பண்ணுவது என்று கீழே சொல்கிறேன்.

செட்டுக்குள் என்ன நடக்கிறது

இரவில் நெடுஞ்சாலையில் நடந்து போகிறீர்கள். ஓரமாக ஒருவர் கையில் அகல் விளக்கோடு நிற்கிறார், உங்களுக்குத் தெரிகிறது. எதிரே ஒரு லாரி ஹைபீம் அடித்துக்கொண்டு வந்தால்? அகல் அங்கேயேதான் எரிகிறது, கண்தான் கூசிப்போய்விட்டது. ரிசீவர் ஓவர்லோடு என்பதும் இந்தக் கூச்சம்தான்.

ஹேண்டியின் முன்வாசலில் ஒரு சிறு பெருக்கி இருக்கிறது. ஆன்டெனாவிலிருந்து வருவதையெல்லாம் அது முதலில் பெருக்கும். நமக்கு வேண்டிய 145 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைத் தனியே பிரித்தெடுக்கும் வேலை அதற்கு அப்புறம்தான். வேண்டாத ஒரு பெரிய சிக்னல் கூடவே வந்தால், அதைத் தூக்க முயன்றே பெருக்கி திணறிவிடுகிறது. நம்முடைய சின்ன சிக்னலைத் தூக்க அதற்குத் தெம்பு இருக்காது.

எவ்வளவு பெரிய சிக்னல் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கிலோவாட் எஃப்எம் நிலையம், 5 கிலோமீட்டர் தூரம், நடுவில் மறைப்பு இல்லை. உங்கள் மாடி ஆன்டெனா எஃப்எம் அலைவரிசையில் பெரிதாக எதையும் பிடிக்காத சாதாரண ஆன்டெனா என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சுமார் 25 மைக்ரோவாட் உள்ளே வரும். நல்ல ஹேண்டி 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலைக்கூடக் கேட்டுவிடும். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் எஃப்எம் நிலையம் சுமார் 3,000 கோடி மடங்கு பெரிது. இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன.

பழைய செட்களில் இந்த வாசலில் பல அடுக்கு வடிகட்டிகள் இருந்தன, அதற்கேற்ற விலையும் இருந்தது. 2012 வாக்கில் பவ்ஃபெங் யூவி-5ஆர் வந்த பிறகு, ரிசீவர் வேலை முழுவதையும் ஒரே சில்லு பார்த்துக்கொள்ளும் செட்கள் பெருகின. மாணவர்கள்கூட வாங்குகிற விலைக்கு ரேடியோ வந்தது அதனால்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அமைப்பு ரப்பர் டக்கை மனதில் வைத்துச் செய்தது. ரப்பர் டக் ஒரு சோம்பேறி ஆன்டெனா. வேண்டியதையும் குறைவாகத்தான் பிடிக்கும், வேண்டாததையும் குறைவாகத்தான் பிடிக்கும். அதை நீக்கிவிட்டு மாடி உயரத்தில் ஆன்டெனா வைத்தால், நேர்கோட்டில் தெரிகிற டவர் எல்லாமே உள்ளே வருகிறது. கெயினைவிட (ஆன்டெனா சிக்னலைக் குவித்துப் பிடிக்கும் திறன்) உயரம்தான் பெரிய குற்றவாளி என்பது என் கணிப்பு.

இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு பெரிய சிக்னல்கள் சேர்ந்து வந்தால், திணறுகிற பெருக்கிக்குள் அவை கலந்து, வானத்தில் இல்லவே இல்லாத மூன்றாவது சிக்னல் ஒன்று பிறக்கும். பக்கத்தில் ஒருவர் 150 மெகாஹெர்ட்ஸிலும் இன்னொருவர் 155-லும் பேசுகிறார்கள் என்றால், இரண்டு தடவை 150-இலிருந்து 155-ஐக் கழித்தால் 145. உங்கள் பேண்டில் யாரும் பேசாதபோதே பேச்சுக் குரல் கேட்கும். இதை இன்டர்மாட் என்பார்கள்.

எஃப்எம் நிலையங்கள் தங்களுக்குள் இப்படிக் கலந்தால் அதிகபட்சம் 128 மெகாஹெர்ட்ஸ் வரைதான் வரும். 108-ஐ இரட்டித்து 88-ஐக் கழித்துப் பாருங்கள். ஆகவே இரண்டு மீட்டர் பேண்டில் சினிமாப் பாட்டு கேட்கவில்லையே, அப்புறம் எஃப்எம்மை ஏன் சந்தேகப்பட வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பாட்டு கேட்காது. செட் மௌனமாகக் காதை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். நான் ஒரு வாரம் ஏமாந்தது அதனால்தான்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

பலவீனமாக, ஆனால் நிலையாக வரும் ஒரு சிக்னல் வேண்டும். தூரத்து ரிப்பீட்டர் நல்லது. இல்லையென்றால் நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நண்பரைக் குறைந்த பவரில் ஒரு நிமிடம் பேசச் சொல்லலாம். பலமான சிக்னலை வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. அது எல்லா ஆன்டெனாவிலும் நன்றாகத்தான் கேட்கும்.

பிறகு ரப்பர் டக். டிராயரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 10 டெசிபெல் அட்டென்யூவேட்டர் ஒன்று (பெரியவர் முறுக்கிய அந்த உருளைதான், சிக்னலைப் பத்தில் ஒரு பங்காக்கும்), அதை மாட்டத் தேவையான அடாப்டர்கள். தடிமனான கேபிளை நேராக ஹேண்டியின் எஸ்எம்ஏ வாயில் தொங்கவிடாதீர்கள். நாலு நாளில் அந்த வாய் ஆட்டம் காணும். அரை அடி மெல்லிய இணைப்புக் கேபிள் ஒன்றை நடுவில் போடுங்கள்.

ஒரு நோட்டும் பேனாவும். சிரிக்காதீர்கள். காது முந்தாநாள் கேட்டதை மறந்துவிடும்.

முதலில் ரப்பர் டக்கோடு மாடிக்குப் போங்கள்

நிறையப் பேர் அறைக்குள் ரப்பர் டக்கில் கேட்டதையும் மாடி ஆன்டெனாவில் கேட்டதையும் ஒப்பிடுகிறார்கள். அது சரியான ஒப்பீடு இல்லை. மாடிக்கே போய், பெரிய ஆன்டெனாவுக்குக் கீழே நின்று, ரப்பர் டக்கை மாட்டி, ஸ்கெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை மூடிவைக்கும் கதவு) பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள். உஸ்ஸென்ற இரைச்சலுக்குள் ரிப்பீட்டர் எப்படி இருக்கிறது? சொற்கள் புரிகின்றனவா, குரல் மட்டும் தெரிகிறதா, ஒன்றுமே இல்லையா? குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கெல்ச்சைத் திறந்து வைப்பது முக்கியம். மூடியிருந்தால் சிக்னல் குறைந்ததா, ஸ்கெல்ச்தான் திறக்கவில்லையா என்று தெரியாது. திரையில் வரும் கோடுகளை நம்பாதீர்கள். ஓவர்லோடு ஆன செட் ஒன்றுமே கேட்காதபோதும் கோடுகளை முழுசாகக் காட்டும். சில செட் எப்போதுமே பூஜ்யம் அல்லது முழுசு, இரண்டில் ஒன்றுதான் காட்டும்.

அதே இடம், அதே நேரம், பெரிய ஆன்டெனா

ஆன்டெனாவை மாற்றிக் கேளுங்கள். ரிப்பீட்டர் நன்றாகத் தெளிந்தால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டுப் பேசப் போகலாம். ரப்பர் டக்கைவிட மோசமாக இருந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று. ஒன்று, கேபிளோ ஆன்டெனாவோ கெட்டிருக்கிறது. இன்னொன்று ஓவர்லோடு.

கேபிளைச் சோதிக்க எளிய வழி, பேசிப் பார்ப்பது. ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் அளவு சரியாக இருந்தால், ரிப்பீட்டரைக் கிளப்பி யாரையாவது ரிப்போர்ட் கேளுங்கள். மழைநீர் இறங்கிய கேபிள் என்றால் போவதும் பலவீனம், வருவதும் பலவீனம். அப்படிப்பட்ட கேபிள் சிக்னலை வழியிலேயே தின்றுவிடுவதால் மீட்டர் சில சமயம் நல்ல அளவைக் காட்டி ஏமாற்றும். ஆகவே ரிப்போர்ட்டைத்தான் நம்ப வேண்டும். ஓவர்லோடு என்றால் கதை வேறு. எதிர்முனையில் இருப்பவர் "அருமையா கேக்குது, ஃபுல் ஸ்கேல்" என்பார், உங்களுக்கு அவர் சொல்வது பாதிதான் விழும். ஹாம்கள் இப்படிப்பட்ட நிலையத்தை முதலை என்பார்கள். வாய் பெரிது, காது சிறிது. என் முதல் வாரத்தில் நான் முதலையாக இருந்தேன் என்று பின்னால்தான் சொன்னார்கள்.

பேசிப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் ஹாம்களுக்கு 144 முதல் 146 வரையும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையும் அனுமதி. லைசென்ஸ் கைக்கு வராதவர்கள் தாங்களே பேசாமல், லைசென்ஸ் உள்ள நண்பரைப் பேசச் சொல்லி இந்தச் சோதனையைச் செய்யலாம்.

அட்டென்யூவேட்டர் சோதனை

அந்தப் பெரியவர் செய்தது இதுதான். நான் இதை நம்புகிற அளவுக்கு வேறெந்தச் சோதனையையும் நம்புவதில்லை.

முதலில், பேசுவதற்கு அழுத்தும் பிடிடி பட்டன்மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டுங்கள். கடையில் கிடைக்கும் சின்ன அட்டென்யூவேட்டர் பலவும் 2 வாட் மட்டும்தான் தாங்கும். ஹேண்டி 5 வாட் தரும். பழக்க தோஷத்தில் ஒரு அழுத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் சின்ன ரெசிஸ்டர்கள் போய்விடும். வெளியே பார்த்தால் தெரியாது, அடுத்த முறை தப்பான அளவு கொடுத்து உங்களைக் குழப்பும். சரி, ஒட்டியாகிவிட்டதா? இனி அட்டென்யூவேட்டரைக் கேபிளுக்கும் செட்டுக்கும் நடுவில் மாட்டி, ஸ்கெல்ச் திறந்தபடியே கேளுங்கள்.

ரிப்பீட்டர் தெளிந்தால் சந்தேகமே வேண்டாம், ஓவர்லோடுதான். வேண்டிய சிக்னலும் பத்தில் ஒரு பங்காகத்தான் ஆனது. ஆனால் கண்ணைக் கூசவைத்த வெளிச்சம் குறைந்ததில் செட்டுக்குப் போன தெம்பு திரும்ப வந்துவிட்டது.

இன்டர்மாட் பேச்சுக் குரல் என்றால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். 10 டெசிபெல் குறைத்தால் உண்மையான சிக்னல் 10 டெசிபெல் குறையும்; மேலே சொன்ன வகையில் செட்டுக்குள் பிறந்த போலி சிக்னலோ 30 டெசிபெல் குறையும். உண்மைக்கு ஒரு பங்கு இழப்பு, பொய்க்கு மூன்று பங்கு. ஆகவே போலிக் குரல் சட்டென்று மறைந்துவிடும்.

ரிப்பீட்டரும் தொந்தரவும் சம அளவில் மங்கினால்? அப்போது தொந்தரவு ஓவர்லோடு இல்லை, உண்மையாகவே அதே அலைவரிசையில் காற்றில் இருக்கும் இரைச்சல். எல்ஈடி பல்பு, மலிவு விலை சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் பெட்டி ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஹேண்டியை பேட்டரியில் வைத்துக் கேட்டால் உங்கள் வீட்டுச் சாமானா, பக்கத்து வீட்டுச் சாமானா என்று தெரிந்துவிடும். அதற்கு ஃபில்டர் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

அட்டென்யூவேட்டர் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் பழைய ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டர் சுருளை நடுவில் போட்டுப் பார்க்கலாம். 145 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 4 டெசிபெல் தின்றுவிடும். துல்லியம் இல்லை, ஆனால் திசை தெரியும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: மட்டமான கேபிளில் சுமாராகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், பணம் போட்டு நல்ல கேபிள் வாங்கி மாட்டியதும் ஒன்றும் கேட்கவில்லை என்று புலம்புவார்கள். கெட்ட கேபிள்தான் அதுவரை அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

யார் அந்த லாரி

எந்த சிக்னல் கூசவைக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. நேரத்தைக் கவனியுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஒரே மாதிரி காது அடைத்திருந்தால் ஒலிபரப்பு நிலையத்தைச் சந்தேகியுங்கள். சென்னை மாதிரி ஊரில் 91.1 முதல் 106.4 வரை வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. விட்டு விட்டு, அலுவலக நேரத்தில் மட்டும் வந்தால் பக்கத்துக் கட்டடத்தின் வயர்லெஸ். பக்கத்துத் தெரு ஹாம் பேசும்போது மட்டும் அடைத்தால் விடை உங்களுக்கே தெரியும். அவரிடம் நேரில் பேசிப் பவரைக் குறைக்கச் சொல்வதுதான் உலகத்திலேயே மலிவான ஃபில்டர்.

திசையையும் கவனியுங்கள். யாகி (ஒரு திசையைப் பார்க்கும் ஆன்டெனா) வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம். மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால், ஒரு திசையில் காது திறக்கும், இன்னொரு திசையில் மூடும். யாகி வைத்திருப்பவர்கள் பாதி மருந்தைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள். கெயின் அதிகம் என்றாலும் அது ஒரு பக்கம்தான் பார்க்கும். நாலா பக்கமும் பார்க்கும் கோலினியர்தான் எல்லா டவரையும் சேர்த்து விழுங்குவது.

வைத்தியம்: செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்

ஆன்டெனாவை இடம் மாற்றுங்கள். டவருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் தண்ணீர்த் தொட்டியோ மாடிப்படி அறையோ வருகிற மாதிரி வைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். நான் பைப்பை மாடியின் கிழக்கு மூலையிலிருந்து மேற்கே, படி அறைக்குப் பின்னால் கொண்டுபோனேன். கூலி இரண்டு டீ. காது பாதி திறந்துவிட்டது. உயரத்தைக் குறைப்பதற்கு மனசே வராது, தெரியும். ஆனால் பத்தடி இறக்கினால் உங்களைக் கேட்பவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, உங்கள் காதுக்கு லாபம் பெரிது.

கோலினியருக்குப் பதில் சாதாரணக் கால் அலை ஆன்டெனா வைத்துப் பார்ப்பதும் ஒரு வழி. 145-க்கு நடுக்கம்பி சுமார் 49 சென்டிமீட்டர், கீழே அதைவிடக் கொஞ்சம் நீளமாக நாலு கம்பிகள். நகரத்துக்குள் ரிப்பீட்டரில் பேச இதுவே ஏராளம்.

டோன் ஸ்கெல்ச் (குறிப்பிட்ட டோன் கூட வந்தால்தான் திறக்கும் ஸ்கெல்ச்) போட்டுக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். அதைப் போட்டால் போலிக் குரல்கள் காதில் விழாது, நிம்மதிதான். ஆனால் காது அடைத்தது அடைத்தபடியேதான் இருக்கும். வலிமாத்திரை மாதிரி.

ஒரு மீட்டர் கேபிளில் ஒரு ஃபில்டர்

எதிரி எஃப்எம் என்று உறுதியாகிவிட்டால், கடையில் ஃபில்டர் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். பழைய ஆர்ஜி-58 துண்டு ஒன்று, ஒரு பிஎன்சி டி-இணைப்பி, ஒரு பிஎன்சி பிளக். இவ்வளவுதான்.

தத்துவம் சுருக்கமாக: அரை அலை நீளக் கேபிளின் ஒரு முனையைக் குறுக்கிணைத்தால், அதாவது நடுக்கம்பியையும் வெளிப்பின்னலையும் சேர்த்துச் சால்டர் வைத்தால், அந்த அலைவரிசைக்கு மறுமுனையும் குறுக்கிணைத்தது போலவே தெரியும். அதை டி-யில் தொங்கவிட்டால் அந்த அலைவரிசை அங்கேயே தரையிறங்கிவிடும், செட்டுக்குப் போகாது. நல்ல வேளையாக, 96.7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய துண்டு, 145-இல் சரியாக முக்கால் அலை ஆகிறது. அந்த நீளத்தில் குறுக்கிணைப்பு மறுமுனையில் திறந்த சுற்றாகத் தெரியும், அதாவது துண்டு இருப்பதே செட்டுக்குத் தெரியாது. 435-இலும் அதே கதை. 96.7 எஃப்எம் பேண்டின் நடுவில் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

நீளக் கணக்கு: 9,900-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் சென்டிமீட்டர் வரும். 96.7-க்கு 102.4. உங்களைக் கூசவைப்பது 98.3 என்றால் 100.7. இது உள்ளே கெட்டியான பாலிதீன் இருக்கும் ஆர்ஜி-58-க்கு மட்டும். நுரை நிரப்பிய கேபிளில் அலையின் வேகம் கூடுதல் என்பதால் நீளம் மாறும்.

டி-யின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். 107 சென்டிமீட்டரில் வெட்டி பிளக்கை மாட்டுங்கள். மறுமுனையைச் சும்மா விட்டுவிட்டு, ஒரு குண்டூசியைக் கேபிளுக்குக் குறுக்கே, பின்னலையும் நடுக்கம்பியையும் தொடுகிற மாதிரிக் குத்துங்கள். குண்டூசி குத்திய இடம்தான் இப்போது முனை. நானோவிஎன்ஏ என்ற சின்ன அளவுக்கருவி இருந்தால் திரையில் பள்ளம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே குண்டூசியை அரை அரை சென்டிமீட்டராக உள்ளே நகர்த்தலாம். இல்லாவிட்டால் அந்தப் பலவீனமான ரிப்பீட்டரைக் கேட்டுக்கொண்டே நகர்த்துங்கள். ஓரிடத்தில் இரைச்சல் வடிந்து குரல் மேலே வரும். அந்த இடத்தில் வெட்டி, பின்னலை நடுக்கம்பியோடு முறுக்கிச் சால்டர் வைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

நடு அலைவரிசையில் 25 டெசிபெலுக்கு மேல் வெட்டும். 3 மெகாஹெர்ட்ஸ் தள்ளினால் 14 டெசிபெல் அளவு, 10 தள்ளினால் 5. ஆகவே எஃப்எம் பேண்டு முழுவதையும் துடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து டவரின் நிலையத்துக்குப் பொருத்தி வெட்டுங்கள். அப்படிப் பொருத்தும்போது 145-இல் பெரிதாக ஒன்றும் கெடாது. 435 மட்டும் சீக்கிரம் கெடும். 101-க்கு வெட்டிய துண்டை மாட்டிக்கொண்டு யூஎச்எஃப்பில், அதாவது 435 பக்கம், பேசாதீர்கள். எதற்கு வெட்டினாலும், பேசும் முன் எஸ்டபிள்யூஆர் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால்

இரண்டு மீட்டர் பேண்டை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் வாங்கலாம், கட்டலாம். வாங்குமுன் எத்தனை வாட் தாங்கும் என்று கேளுங்கள். கேட்க மட்டும் பயன்படும் ஃபில்டரில் பேசினால் அதுவும் அட்டென்யூவேட்டர் கதைதான். 150, 155 மாதிரி பக்கத்து அலைவரிசை எதிரிகளுக்குச் சின்ன ஃபில்டர் போதாது. ஓரத்தை அவ்வளவு செங்குத்தாக வெட்டுவது கேவிட்டி போன்ற பெரிய சாமான்களின் வேலை. அந்த நிலையில் ஹேண்டியோடு போராடுவதை நிறுத்திவிட்டு, மாடி ஆன்டெனாவுக்கென்று காரில் வைக்கிற மாதிரியான மொபைல் செட் ஒன்று வாங்குவதே நல்லது. செகண்ட் ஹாண்டில் கிடைக்கும் பழைய செட்களின் முன்வாசல் பெரும்பாலும் புது ஹேண்டிகளைவிடத் திடமானது. ஹேண்டியை ரப்பர் டக்கோடு கையில் எடுத்துப் போங்கள்.

முன்பெருக்கி ஒன்றை ஆன்டெனாவில் மாட்டினால் நன்றாகக் கேட்குமே என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். கூசுகிற கண்ணுக்கு பூதக்கண்ணாடி.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் கேபிளைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். மாடிக் கம்பியில் ஏறும் நிலை மின்சாரம் இந்தச் சில்லுகளை ஓவர்லோடு செய்வதோடு நிற்காது, கொன்றேவிடும். "முன்பெல்லாம் நல்லா கேட்டது, மழைக்கு அப்புறம் ரப்பர் டக்கிலும் கேக்கல" என்றால் அது வேறு வியாதி.

விண்வெளி நிலையத்தைக் கேட்கப் போகிறவர்களுக்கு

கையில் யாகி பிடித்துக்கொண்டு சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரைத் தேடுகிறவர்கள் இதே வியாதியை வேறு உருவத்தில் பார்ப்பார்கள். அங்கே பேசுவது 145.990, கேட்பது 437.800. ஒரே நேரத்தில் ஒரு ஹேண்டியில் பேசி இன்னொன்றில் நம் குரல் திரும்பி வருகிறதா என்று கேட்க ஆசையாக இருக்கும். 145.990-ஐ மூன்றால் பெருக்கினால் 437.970. கேட்கும் இடத்துக்கு 170 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே தள்ளி. நாமே பேசி நம் காதையே அடைத்துக்கொள்கிறோம். எஃப்எம் டவர் தேவையில்லை.

முதலில் பவரை 1 வாட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். இரண்டு ஹேண்டியையும் ஒரே கையில் பிடிக்காமல் ஓரடியாவது தள்ளி வையுங்கள். இரண்டு ஆன்டெனாக்களின் கம்பிகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக, கூட்டல் குறிபோல இருக்கட்டும். கேட்கிற செட்டுக்கு முன்னால் 145-ஐத் தடுத்து 435-ஐ விடும் டைப்ளெக்ஸர் ஒன்றைப் போடுங்கள். பேசுகிற செட்டிலும் ஒன்று போட்டால் அந்த மூன்று மடங்குக் கழிவும் அடங்கும். நிலையம் தலைக்கு மேல் இருப்பது பத்து நிமிடம்தான். இதையெல்லாம் அதற்கு முந்தைய நாள் மாலை மாடியில், நண்பர் ஒருவரை 437.800-இல் பலவீனமாகப் பேசச் சொல்லிச் சரிபார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.